தமிழ் மெதுவா, துபாஷி மெதுவா?

"தமிழ்ல ப்ரோக்ராம் எழுதினா ஸ்லோவாத்தான் சார் ஓடும்."

போன சில வாரங்களில் இந்த ஒரு வாக்கியத்தைக் குறைந்தது நாலு பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். நாலு பேரும் நம்மவர்கள். இரண்டு பேர் மஹாபே பக்கம் பொட்டி தட்டுகிறவர்கள், அதாவது விஷயம் தெரிந்தவர்கள். வாக்கியத்தில் பாதி உண்மை, பாதி தப்பு. முழுப்பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி உண்மைதான் ஆளை ஏமாற்றும் என்று லோன் அப்ளிகேஷன் பார்க்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதிவிடலாம் என்று இந்தப் பதிவு.

முதலில் பின்னணி. இங்கே கோபர்கைரனேயில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் வகுப்பு வைப்பதாக இருக்கிறோம். ஒரு மணி நேரம் தமிழ் எழுத, படிக்க. அடுத்த ஒரு மணி நேரம் கணினியில் ப்ரோக்ராம் எழுத. பெற்றோர்களுக்கு இரண்டாவது மணி நேரம்தான் முக்கியம், முதல் மணி நேரம் தாத்தா பாட்டிக்காக :-) இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் என்ன, 'எழில்' மொழியில் ஆரம்பிக்கலாமே என்று நான் சொன்னேன். உடனே ஒரு தம்பி வேக ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். மேலே சி, நடுவில் ஜாவா, கீழே பைத்தான். "பைத்தானே கடைசி, எழில் பைத்தான் மேல ஓடுது, அப்போ அது எங்க இருக்கும்னு நீங்களே பாத்துக்குங்க சார்" என்று ஒரு வரி. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

தம்பி சொன்ன தகவல் சரி. தீர்ப்புதான் சரியில்லை. ஏன் என்று ஒரு பி.காம். படித்தவனின் கணக்கில் சொல்கிறேன்.

எழில் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காக. எழில் என்பது தமிழ்ச் சொற்களைக் கொண்ட ஒரு நிரலாக்க மொழி. அமெரிக்காவில் பொறியாளராக இருக்கும் முத்து அண்ணாமலை 2007 கடைசியில் இதை எழுத ஆரம்பித்தார், 2009 ஜூலையில் வெளியே அறிவித்தார். நம்மைப் போலவே பிழைப்புக்கு ஊரை விட்டு வந்த ஒருவர் செய்த காரியம். தமிழ் தெரிந்த பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் குறுக்கே நிற்காமல் ப்ரோக்ராம் எழுதப் பழகவேண்டும் என்பது நோக்கம். மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. ஏழாம் வாய்ப்பாடு இப்படி இருக்கும்:

எண் = 1
@( எண் <= 10 ) வரை
    பதிப்பி எண் * 7
    எண் = எண் + 1
முடி

இதில் எனக்குப் பிடித்தது சொற்களை விட அவை நிற்கும் இடம். ஆங்கில வழி மொழிகளில் 'வொயில்' முன்னால் வரும், நிபந்தனை பின்னால். இங்கே நிபந்தனை முதலில், 'வரை' கடைசியில். எண் பத்துக்குள் இருக்கும் வரை. 'இஃப்' கூட அப்படித்தான். நிபந்தனையை எழுதி, பிறகு 'ஆனால்'. நாம் பேசுகிற வரிசை இதுதான். ஆங்கில வார்த்தையை எடுத்துவிட்டுத் தமிழ் வார்த்தையை ஒட்டியதோடு நிற்காமல், வாக்கியத்தையே யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கணினிக்குள் ஒரு துபாஷி

கணினியின் சிப்புக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அதன் இயந்திரக் கட்டளைகள் மட்டும். நாம் எழுதுவதை அதற்குப் புரியவைக்க இரண்டு வழி. முழுப் புத்தகத்தையும் முன்கூட்டியே மொழிபெயர்த்துக் கையில் கொடுத்துவிடுவது ஒன்று, அது கம்பைலர். சி அப்படித்தான். பக்கத்தில் நின்றுகொண்டு அவ்வப்போது எடுத்துச் சொல்வது இன்னொன்று, அது இன்டர்ப்ரெட்டர். புதுச்சேரியில் டூப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, துபாஷி, அந்த வேலை.

துபாஷிகளிலும் ரகம் உண்டு. எங்கள் பிராஞ்ச் பாஷையில் சொல்கிறேன்.

1. ஒவ்வொரு வவுச்சர் வரும்போதும் ஹெட் ஆபீஸ் சர்க்குலரை முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்து வேலை செய்கிறவர். நூறு வவுச்சர் வந்தால் நூறு தடவை படிப்பார்.

2. சர்க்குலரை ஒரு தடவை படித்து, கிளை கிளையாக ஒரு படம் போட்டு வைத்துக்கொள்கிறவர். வவுச்சர் வரும்போது படத்தில் விரலை வைத்துக்கொண்டே போவார்.

3. அந்தப் படத்தையும் சுருக்கி, 'அ பார், ஆ கூட்டு, இ எழுது' என்று ஒரு துண்டுச் சீட்டாக மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்கிறவர். இதைத்தான் பொட்டி தட்டுகிறவர்கள் பைட்கோடு என்கிறார்கள்.

4. துண்டுச் சீட்டில் ஒரே வரியை ஆயிரம் தடவை செய்து செய்து, அந்த வரிக்கு மட்டும் சீட்டைப் பார்க்காமலே கை தானாக ஓடுகிறவர். அதாவது, அடிக்கடி வரும் பகுதியை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திர மொழிக்கு மாற்றிவிடுவது. இதற்கு ஜிட் என்று பெயர்.

நாலு பேரும் படிப்பது அதே சர்க்குலர், அதே மொழி. வேகம் மட்டும் வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதிப் பதிவு சுலபம்.

ஃபாக்ஸ்ப்ரோ தலைமுறைக்குத் தெரிந்த கதை

என் வயதுக்காரர்கள் பி.காம். படிக்கும்போதே பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டரில் ஃபாக்ஸ்ப்ரோ படித்திருப்பீர்கள். கட்டளையின் முதல் நாலு எழுத்தை அடித்தால் போதும். 'மாடிஃபை கமாண்ட்' என்று முழுசாக யார் அடித்தார்கள்? 'மோடி காம்' தான். (அரசியல் இல்லை மக்களே, அந்தக் காலத்தில் மோடி என்றால் எங்களுக்கு மாடிஃபை!)

அந்த ஃபாக்ஸ்ப்ரோவின் பூர்வீகம் 1980-களில் வந்த டிபேஸ். ஆஷ்டன்-டேட் கம்பெனியின் சரக்கு. டிபேஸ் 3 பிளஸ், நான் மேலே சொன்ன முதல் ரக துபாஷிக்கு உறவுக்காரர். லூப்புக்குள் நுழைந்தால் அதே வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பொருள் பார்ப்பார். ஒஹையோவிலிருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் என்ற சின்ன கம்பெனி, அதே மொழிக்கு, அதே கட்டளைகளுக்கு, ஃபாக்ஸ்பேஸ் என்று வேறொரு துபாஷியைச் செய்தது. அவர் முதலில் துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கிற மூன்றாம் ரகம். ஒரே ப்ரோக்ராம், ஒரே டேட்டா. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வேக வித்தியாசம். வேகம்தான் அவர்கள் விளம்பரமே. 1991-இல் ஃபாக்ஸ்ப்ரோ 2.0 வந்தபோது, இண்டெக்ஸை வைத்தே வேண்டிய ரெக்கார்டுகளைப் பொறுக்கும் ரஷ்மோர் என்ற உத்தியையும் சேர்த்தார்கள். 1992-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கியது.

'டிபேஸ் மொழி மெதுவானது' என்று 1985-இல் யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகும்? சில வருடத்தில் அந்த வாக்கியம் செல்லாக்காசு. மொழி அதேதான், ஆள் மாறிவிட்டார்.

எழில் மெதுவாக ஓடுவதன் காரணம்

இப்போது நம் வீட்டு விஷயம். எழில் மெதுவாகத்தான் ஓடும், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. காரணம் இரண்டு.

முதல் காரணம், எழிலின் துபாஷி இரண்டாம் ரகம். நிரலைப் படித்து மரம் மாதிரி ஒரு படம் போட்டுக்கொண்டு, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மரத்தில் ஏறி இறங்குவார்.

இரண்டாவது, அந்தத் துபாஷியே பைத்தானில் எழுதப்பட்டவர். பைத்தானுக்கு ஒரு துபாஷி தனியாக உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டியை மாநகராட்சி ஆபீசுக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று வையுங்கள். பாட்டி தமிழில் சொல்கிறார், நீங்கள் ஹிந்தியில் சொல்கிறீர்கள், நடுவில் இருப்பவர் அதை மராத்தியில் உள்ளே சொல்கிறார். பதிலும் அதே வழியாகத் திரும்பி வரவேண்டும். இதில் பாட்டியின் தமிழ் என்ன பாவம் செய்தது? வழியில் இரண்டு பேர் நிற்கிறார்கள், அதுதான் தாமதம்.

அப்படியானால் ஏன் பைத்தானில் எழுதினார்கள்? இது என் ஊகம்தான். தனி ஆள் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு மொழி செய்தால், தனக்குச் சீக்கிரம் எழுத வருவதில்தான் எழுதுவார். யூனிகோடு எழுத்தைக் கையாளுவதும் அதில் சுலபம். ஓட்டுகிற நேரத்தைச் செலவு எழுதி, எழுதுகிற நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார். கணக்குப்படி நியாயமான பேரம்.

எழுத்து குற்றவாளி இல்லை

"தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும் சார், அதனாலதான்" என்று இன்னொருவர் சொன்னார். இதுவும் பாதி உண்மை. 'எழில்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சொல்லுக்கு மூன்றே பைட்.

ஆனால் இந்தச் செலவு எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். துபாஷி நிரலைப் படிக்கும்போது ஒரே ஒரு தடவை. 'பதிப்பி' என்ற சொல்லைப் படித்தவுடன் 'இது அச்சிடும் கட்டளை' என்று அடையாளம் போட்டு மரத்தில் மாட்டிவிடுவார். அப்புறம் லூப் பத்து லட்சம் தடவை சுற்றினாலும் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. கணக்கு ஆரம்பிக்கும்போது பெயரை முழு இனிஷியலோடு எழுதுகிறோம், அப்புறம் எல்லாம் அக்கவுண்ட் நம்பர்தானே? வாடிக்கையாளர் பெயர் நீளமாக இருப்பதால் யாருக்கும் வட்டி மெதுவாக ஏறுவதில்லை :-)

ஆகவே 'தமிழில் எழுதினால் மெதுவாக ஓடும்' என்பதில் 'எழில் மெதுவாக ஓடும்' என்பது மட்டும் உண்மை. 'தமிழ்' என்பதால் என்பது தப்பு. இந்த இரண்டையும் பிரிக்காமல் பிள்ளைகள் காதில் போட்டால் அவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? ஏற்கெனவே லிஃப்டில் நம்மிடம் ஹிந்தியில்தான் பதில் சொல்கின்றன. தமிழ் என்றால் பழசு, மெதுவானது, வீட்டுக்குள் மட்டும் என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. நாம் வேறு அதில் 'அறிவியல்பூர்வமாக' ஒரு வரி சேர்க்கவேண்டுமா?

அந்த அட்டவணை எதை அளக்கிறது?

மொழிகளின் வேகத்தை ஒப்பிடுவதில் பிரபலமானது 'பெஞ்ச்மார்க்ஸ் கேம்' என்பது. 2000 வாக்கில் டக் பேக்லி என்பவர் ஆரம்பித்த ஒப்பீட்டின் வாரிசு. ஒரே கணக்கைப் பல மொழிகளில் எழுதி ஓட்டி நேரம் பார்ப்பார்கள். கிரகங்கள் ஒன்றையொன்று இழுத்துச் சுற்றுவதைப் படிப்படியாகக் கணக்கிடுவது ஒன்று, மேண்டல்பிராட் படம் வரைவது ஒன்று, ஆயிரக்கணக்கான சின்ன மரங்களைக் கட்டிக் கலைப்பது ஒன்று. இவற்றில் சிக்கும் பைத்தானுக்கும் பல பத்து மடங்கு வித்தியாசம் சாதாரணம். சிலவற்றில் நூறு மடங்கைத் தாண்டும்.

நேர்மையான அளவைதான். ஆனால் அளக்கப்படுவது ஒன்றே ஒன்று: இயந்திரம் ஓய்வே இல்லாமல் எண்களை அரைக்கும்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. நம் பிள்ளை வாய்ப்பாடு அச்சிடும்போதும் வட்டிக் கணக்கு போடும்போதும் இயந்திரம் பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அது நம் பிள்ளை அடுத்த எழுத்தை எங்கே இருக்கிறது என்று விசைப்பலகையில் தேடி முடிக்கக் காத்திருக்கிறது. காத்திருப்பு இயந்திரத்தில் இல்லை, ஆளிடம். அந்த நேரத்தைக் குறைப்பதுதான் வகுப்பின் வேலை.

இன்னொன்று. கடைசி இடம் என்று சொல்லப்படும் பைத்தானில்தானே இன்று செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் பெரும்பகுதி நடக்கிறது? எப்படி? பெரிய கணக்கை பைத்தான் தானே செய்வதில்லை. சி, சி++, ஃபோர்ட்ரான் போன்றவற்றில் எழுதிய நூலகங்களிடம் கொடுத்துவிட்டு விடையை வாங்கிக்கொள்கிறது. மேனேஜர் பணத்தைத் தானே எண்ண வேண்டியதில்லை, எண்ணும் மெஷினில் வைக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு சின்னக் கணக்கு

வங்கியில் அடிக்கடி வருகிற வேலை ஒன்று. 10,000 பதிவுகள் இருக்கின்றன, அதில் ஒரே பதிவு இரண்டு முறை வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கவேண்டும்.

முதல் வழி: ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடு. 10,000-ஐ 9,999-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 4,99,95,000. கிட்டத்தட்ட 5 கோடி ஒப்பீடு.

இரண்டாம் வழி: முதலில் வரிசைப்படுத்து, பிறகு பக்கத்துப் பக்கத்துப் பதிவை மட்டும் பார். நல்ல முறையில் வரிசைப்படுத்த ஒரு பதிவுக்குச் சுமார் 14 ஒப்பீடு, மொத்தம் 1,40,000. பக்கத்தில் பார்க்க இன்னும் 10,000. ஆக ஒன்றரை லட்சம்.

இப்போது வேகமான மொழியில் முதல் வழியையும், அதைவிட நூறு மடங்கு மெதுவான மொழியில் இரண்டாம் வழியையும் எழுதுங்கள். ஒன்றரை லட்சத்தை நூறால் பெருக்கினால் ஒன்றரை கோடி. அந்தப் பக்கம் 5 கோடி. மெதுவான மொழி முந்திக்கொண்டது!

கற்பனைக் கணக்கு என்று நினைக்கவேண்டாம். எக்செல் மேக்ரோ எழுதுகிற எல்லோருக்கும் இது தெரியும். ஒவ்வொரு செல்லாக எழுதி, ஒவ்வொரு தடவையும் திரையைப் புதுப்பித்தால் வெளியே போய் ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டு வரலாம். திரைப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் மொத்தமாக ஓர் அரேவில் வாங்கி, முடித்து, மொத்தமாகத் திருப்பி எழுதினால் சாய்க்குச் சொல்லி அனுப்புவதற்குள் வேலை முடிந்துவிடும். மொழி அதே, துபாஷி அதே. மாறியது எழுதியவர் யோசித்த விதம். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். இதைத் தமிழிலும் சொல்லலாம், இன்னும் நன்றாகவே சொல்லலாம்.

வேகம் யாருக்கும் பிறவிச் சொத்து இல்லை

இன்று வேகமாக ஓடும் இன்டர்ப்ரெட்டர்களின் ஜாதகத்தைப் பாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்: 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் செய்தது. வெகுகாலம் மெதுவானது என்றுதான் பெயர். 2008 செப்டம்பரில் கூகுள் தன் குரோம் உலாவியோடு வி8 என்ற இயக்கியை வெளியிட்டது. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரிக்காரர்களும் போட்டியில் குதித்தார்கள். சில வருடத்தில் அதே மொழி குதிரை மாதிரி ஓடியது.

பிஹெச்பி: ஃபேஸ்புக் வளர்ந்தது இதில்தான். மெதுவாக இருந்ததால் அவர்கள் சொந்தமாகவே மாற்று இயக்கி செய்தார்கள். 2015 டிசம்பரில் பிஹெச்பி 7 வந்தபோது, பல தளங்களில் முந்தைய பதிப்பைவிட ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் கிடைத்தது.

ரூபி: இது நமக்கு மிகவும் நெருங்கிய கதை. ஜப்பானில் யுகிஹிரோ மட்சுமோட்டோ 1993-இல் ஆரம்பித்தது. அதன் பழைய துபாஷியும் எழில் மாதிரியே மரத்தில் ஏறி இறங்கும் ரகம். 'ரூபி அழகு, ஆனால் ஆமை' என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. சசாடா கோயிச்சி என்ற ஜப்பானிய இளைஞர் துண்டுச் சீட்டு ரகத்தில் யார்வ் என்ற புது இயக்கியை எழுதினார். 2007 டிசம்பரில் வந்த ரூபி 1.9-இல் அதுவே அதிகாரபூர்வமானது. பிறகு ஜிட்டும் சேர்ந்தது.

லூவா: பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் 1993-இல் மூன்று பேர் செய்தது. வெளிநாட்டு மென்பொருள் வாங்கக் கெடுபிடி இருந்த காலத்தின் பிள்ளை. இன்று உலகத்தின் வேகமான இன்டர்ப்ரெட்டர்களில் ஒன்று என்று பெயர், கணினி விளையாட்டுகளுக்குள் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனி முத்திரை இருந்தால்தான் வேகம் வரும் என்பதில்லை.

பைத்தான்: 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, முந்தையதைவிடச் சராசரியாக 25 சதவிகிதம் வேகம். அதற்கு மைக்ரோசாஃப்ட் சம்பளம் கொடுத்து ஒரு குழுவையே உட்காரவைத்திருந்தது. நாலு வருடத்தில் ஐந்து மடங்கு என்று 2021-இல் இலக்கு வைத்தார்கள், அந்த அளவுக்குப் போகவில்லை. அவ்வளவு பணம் இருந்தும் அவ்வளவு கஷ்டம்.

பட்டியல் என்ன சொல்கிறது? முதலில் ஆட்கள் பயன்படுத்தினார்கள், அப்புறம்தான் வேகம் வந்தது. 'வேகமாகட்டும், அப்புறம் தொடுகிறேன்' என்று எல்லோரும் காத்திருந்தால் இவற்றில் ஒன்றுகூடத் தேறியிருக்காது. தொழில் ஆரம்பித்து லாபம் காட்டு, பிறகு லோன் தருகிறேன் என்று சொல்கிற மேனேஜரை நாமே திட்டுகிறோம். எழில் விஷயத்தில் நாமே அந்த மேனேஜராக இருக்கிறோம்.

எதிர்த்தரப்பு நியாயம்

எழிலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக எதையும் மறைக்கவில்லை.

ஒன்று, விளையாட்டு, அசையும் படம் மாதிரி செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு எழிலின் வேகம் பொறுமையைச் சோதிக்கும்.

இரண்டு, எழில் தெரியும் என்று யாரும் வேலை தரப்போவதில்லை. பயிற்சிச் சக்கரம் வைத்த சைக்கிளில் யாரும் தாணே வரை போவதில்லை. அது பழக.

மூன்று, வேகத்தைவிடப் பெரிய பிரச்னைகள் இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாடப் புத்தகமும் சொல்லித்தர ஆளும் குறைவு. 'ஆனால்' என்றால் அவர்களுக்கு ஹிந்தி 'லேகின்' தான் ஞாபகம் வருகிறது, 'அப்படி ஆனால்' என்ற பொருளைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கும். எழில் வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர்கள் இவற்றைச் சொல்லட்டும், உட்கார்ந்து பேசலாம். வேகத்தைச் சொல்லவேண்டாம்.

ஆகவே

என் யோசனை இதுதான். தமிழ் எழுதப் படிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் எழில். லூப், நிபந்தனை, நிரல்பாகம், இந்த மூன்றும் மனதில் உட்காரும் வரை போதும். அப்புறம் பைத்தான். அதே வாய்ப்பாட்டு நிரலை இரண்டிலும் எழுதி, பத்து லட்சம் சுற்று ஓடவிட்டு, கடிகாரத்தைப் பிள்ளைகளே பார்க்கட்டும். எழில் தோற்கும். ஏன் தோற்றது என்று எழிலின் மூலநிரலையே திறந்து காட்டலாம், பைத்தானில்தானே இருக்கிறது. இன்டர்ப்ரெட்டர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கோச்சிங் கிளாஸிலும் கிடைக்காது. தோற்றதிலும் ஒரு பாடம் கிடைக்கிற மொழி வேறு எது?

இது நம் அடுக்குமாடிப் பிள்ளைகளோடு முடிகிற விஷயமும் இல்லை. தாராவியில் மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு எழில் தமிழுக்கு வர ஒரு வாசல். அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே கணினிக்குள் போக ஒரு வாசல். ஆங்கிலம் தடுமாறுகிற ஒரே காரணத்துக்காக 'எனக்கு இதெல்லாம் வராது' என்று ஒதுங்கிப்போகும் ஒரு பெண்ணுக்கு, 'எண் பத்துக்குள் இருக்கும் வரை' என்று எழுதினால் கணினி கேட்கும் என்று காட்டுவது எவ்வளவு பெரிய விஷயம்! அவளிடம் போய் கிரகங்கள் சுற்றும் கணக்கில் சி முந்துகிறது என்று சொல்வதில் என்ன பிரயோஜனம்?

கடைசியாக, பொறியியல் கல்லூரியில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு வழக்கமான லைப்ரரி மேனேஜ்மெண்ட் சிஸ்டத்தை மறுபடி செய்வதை விட, எழிலுக்குத் துண்டுச் சீட்டு ரகத்தில் ஒரு புது துபாஷி எழுதச் சொல்லுங்கள். ரூபிக்கு சசாடா கோயிச்சி கிடைத்த மாதிரி நமக்கும் யாராவது ஒருவர் கிடைக்காமலா போய்விடுவார்? அவர் கோபர்கைரனேயிலோ, செம்பூரிலோ, சிங்கப்பூரிலோ இருக்கலாம். சொல்லிவிட்டால்தானே தெரியும்!

டிஸ்கி: நான் மொழி செய்கிறவனும் இல்லை, எழில் குழுவில் இருப்பவனும் இல்லை. பற்று வரவு பார்க்கிறவன். எந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதவேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். துபாஷியின் தாமதத்தைத் தமிழின் கணக்கில் பற்று எழுதியிருந்தார்கள். அந்த என்ட்ரியை ரிவர்ஸ் செய்திருக்கிறேன், அவ்வளவுதான் :-)